கிள்ளான் சாலையில் சைக்கிளை விட்டு இறங்கியவர்கள்

கிள்ளான் பக்கத்துப் பெரியவர்களிடம் ஓர் இடத்துக்கு வழி கேட்டுப் பாருங்கள். "அதுவா, நாலாங்கட்டை தாண்டி வலது பக்கம்" என்பார்கள். கிலோமீட்டர் கணக்கு வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனாலும் அவர்கள் வாயில் கட்டைதான். சாலையோரம் நட்டிருந்த மைல் கல்லைத்தான் நம்மவர்கள் "கட்டை" என்றார்கள், பிறகு மைலுக்கே அது பெயராகிவிட்டது. மலாய்மொழியில் அதையே "பத்து" என்கிறார்கள். பத்து தீகா என்றால் மூன்றாம் கட்டை. வகுப்பில் இதைச் சொன்னால், பத்தும் மூன்றும் பதின்மூன்று என்று ஒருவன் கணக்குப் போடுவான். போடட்டும். அப்படியாவது அந்தப் பெயர் மனசில் நிற்கும்.

கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் நடுவே உள்ள தூரம் சுமார் 20 கட்டை. இந்தத் தூரத்தை இணைத்த சாலையின் கதையை நம் வரலாற்றுப் பாடங்களில் தனியாகத் தேடினால் கிடைக்காது. "உள்கட்டமைப்பு வளர்ச்சி" என்ற தலைப்பில் ரயில்பாதைக்கு ஒரு பத்தி, துறைமுகத்துக்கு ஒரு பத்தி, சாலைக்கு ஒரு வரி, அவ்வளவுதான். மாணவர்களும் அதைத்தான் எழுதுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று காட்டத்தான் இந்தக் கட்டுரை. குறிப்பாக 1941இல் இந்த வட்டாரத்தில் நடந்த ஒரு விஷயம், சாலையைப் பார்க்காமல் சரியாகப் புரியாது.

முதலில் ஆறு. சிலாங்கூரின் ஈயம் கோலாலம்பூர் பக்கம் கிடைத்தது. கடல் இருந்தது கிள்ளான் பக்கம். நடுவில் கிள்ளான் ஆறு. ஆற்றின் வாயை யார் பிடித்து வைத்திருக்கிறார்களோ அவர்களுக்கே வரி. 1867இல் ராஜா மஹ்டி கிள்ளானைக் கைப்பற்றியதும் தொடங்கிய சிலாங்கூர் உள்நாட்டுப் போருக்கு அடிப்படை இதுதான். படகுகள் ஆற்றில் தாமான்சாரா இறங்குதுறை வரை சௌகரியமாக வந்தன, அதற்கு மேல் சிரமம். அதனால் அந்த இறங்குதுறையிலிருந்து கோலாலம்பூருக்குக் காட்டுக்குள் ஒரு பாதை போட்டார்கள். கப்பித்தான் யாப் ஆ லோய் காலத்து வேலை அது. ஜாலான் தாமான்சாரா என்று இன்று நாம் சொல்லும் பெயரில் அந்தப் பழைய இறங்குதுறையின் ஞாபகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1880இல் சிலாங்கூரின் தலைநகரம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. மறு ஆண்டே கோலாலம்பூரில் ஒரு பெரிய தீ, அடுத்து ஒரு வெள்ளம். அத்தாப்புக் கூரையும் மர வீடுமாக இருந்த ஊர் அழிந்துபோனது. 1882இல் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் இனிமேல் செங்கல்லும் ஓடும்தான் என்று கண்டிப்பாகச் சொன்னார். செங்கல் சூளைகள் இருந்த பகுதிதான் பிரிக்ஃபீல்ட்ஸ். பெயரிலேயே விஷயம் இருக்கிறது.

அடுத்து ரயில். 1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் இருக்கும் புக்கிட் கூடா வரை பாதை திறந்தது. 1890இல் ஆற்றின் மேல் கன்னாட் பாலம் வந்தபின் ரயில் கிள்ளான் ஊருக்குள்ளேயே போனது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தபோது சுரங்கத்திலிருந்து கப்பல் வரை ஒரே இரும்புப் பாதை. செங்கல் சூளை ஊரான பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே ஊராகியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிமார்களும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் ஒரு பக்கம், தமிழ்நாட்டிலிருந்து வந்த பாதைத் தொழிலாளர்கள் இன்னொரு பக்கம். ஸ்காட் சாலையில் இருக்கும் கந்தசுவாமி கோயில், விவேகானந்தா ஆசிரமம் எல்லாம் இந்தக் குடியேற்றத்தின் அடையாளங்கள்.

ஆக, சாலை இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. ஈயம் ரயிலில் போனது, வெள்ளைக்காரத் துரைமார்கள் ரயிலில் போனார்கள். சாலை எதற்கு? மாட்டு வண்டிக்கும் நடந்து போகிறவர்களுக்கும்.

நிலைமையை மாற்றியது ரப்பர். 1900களின் தொடக்கத்தில் கிள்ளான், பத்து தீகா, பெட்டாலிங் வட்டாரமெல்லாம் ரப்பர் தோட்டங்களாகின. ரயில் நிலையம் நாலைந்து கட்டைக்கு ஒன்றுதான் இருக்கும். தோட்டமோ சாலையின் இரண்டு பக்கமும் தொடர்ச்சியாக இருந்தது. ஆள், அரிசி, கடிதம், ரப்பர் ஷீட்டு, பிணம் எல்லாமே தோட்டத்து மண் ரோட்டிலிருந்து பெரிய ரோட்டுக்கு வந்துதான் மற்ற இடத்துக்குப் போகணும். கோலாலம்பூர்–கிள்ளான் சாலை மலாயாவின் பெரிய சாலைகளில் ஒன்றல்ல. வடக்கு தெற்காகப் போகும் சாலையே முக்கியமானது. ஆனால் இந்த இரண்டு ஊருக்கும் நடுவே வாழ்ந்த தமிழனுக்கு உலகத்துக்குப் போகிற வழி இது ஒன்றுதான்.

இந்தச் சாலையைப் பராமரித்தது யார்? பொதுப்பணி இலாகாவின் கூலிகள், அதாவது இன்று ஜேகேஆர் என்கிறோமே அதன் முன்னோடி. மலாயா முழுக்க ரயில்வே, பொதுப்பணி, நகராண்மை ஆகிய மூன்றிலும் உடல் உழைப்புக்குத் தென்னிந்தியர்கள்தான் பெரும்பகுதி. வேலை என்ன என்று மாணவர்களுக்கு விளக்கிச் சொல்லணும், "சாலை அமைத்தனர்" என்று எழுதிவிட்டுப் போகக்கூடாது. கருங்கல்லை உடைத்துச் சல்லியாக்குவது, செம்மண் சரளையைப் பரப்புவது, உருளை ஓட்டுவது, பின்னாளில் தார் காய்ச்சி ஊற்றுவது. எல்லாவற்றையும்விட ஓயாத வேலை ஓரத்து வாய்க்கால்தான். நம்ம ஊர் மழைக்கு வாய்க்கால் அடைத்துக்கொண்டால் ஒரே பருவத்தில் சாலை அரித்துப் போய்விடும். அதனால் புல் வெட்டுவதும் வாய்க்கால் தோண்டுவதும் வருஷம் முழுக்க நடந்தது. சாலையோரத்திலேயே அவர்களுக்கு லயன் வீடுகள். "எங்க தாத்தாதான் இந்த ரோட்டைப் போட்டவரு" என்று ஒரு மாணவி சொன்னால் அதை வெறும் பெருமை என்று தள்ளிவிடாதீர்கள். எந்தக் கட்டையில், எந்த லயத்தில் இருந்தார் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

ஆள் எடுத்த முறையும் தெரிந்திருக்க வேண்டும். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது, அதற்குப் பிறகு கங்காணி முறைதான் மேலோங்கியது. 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதியிலிருந்து கப்பல் கட்டணம் கொடுத்தார்கள். அந்த நிதிக்குத் தோட்டக்காரர்கள் மட்டுமல்ல, தமிழ்க் கூலிகளை வைத்திருந்த அரசாங்க இலாகாக்களும் பணம் கட்டின. 1938இல் இந்திய அரசாங்கம் இப்படி உதவித்தொகை கொடுத்து ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. அந்தத் தடை முக்கியம். அதுவரை சம்பளம் கேட்டால் "வேற ஆளை இறக்கிக்கிறேன்" என்று சொல்ல முடிந்த முதலாளிக்கு, அதற்குப் பிறகு அது எளிதாக இல்லை.

இப்போது 1941க்கு வருவோம்.

ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ரப்பருக்குக் கிராக்கி. விலைவாசி ஏறியது. ஒரே மாதிரி வேலைக்குச் சீனத் தொழிலாளருக்கு ஒரு கூலி, தமிழருக்கு அதைவிடக் குறைந்த கூலி. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தோட்டத் தொழிலாளர்களைத் திரட்டியது. அதன் தலைவர் ஆர்.எச். நாதன், 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை செய்தவர். வருஷத்தின் முதல் மாதங்களில் தொடங்கிய வேலைநிறுத்தங்கள் தோட்டம் தோட்டமாகப் பரவின.

"1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தின் காரணங்களை விளக்குக" என்று கேள்வி வந்தால் நம் பிள்ளைகள் பலர் "குறைந்த சம்பளம்" என்று எழுதி அதைச் சுற்றியே இரண்டு பக்கம் ஓட்டிவிடுகிறார்கள். மதிப்பெண் போவது அங்கேதான். தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். சீனருக்குச் சமமான கூலி வேண்டும், உண்மைதான். பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை கூடாது. ஆனால் அதோடு நிற்கவில்லை. கொடுமைக்காரச் சிப்பந்திகளை நீக்கி, தமிழ் தெரிந்தவர்களை வைக்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சரியான பள்ளிக்கூடம் வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். பெண்களிடம் தவறாக நடப்பது நிற்க வேண்டும். பேசவும் கூட்டம் கூடவும் உரிமை வேண்டும். சொந்தக்காரர்களும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்துபோக வேண்டும். பிறகு இது: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

இந்தச் சைக்கிள் கோரிக்கையை வகுப்பில் வாசித்தால் முதலில் சிரிப்பு வரும். இவ்வளவு பெரிய போராட்டத்தில் இது ஒரு கோரிக்கையா? அங்கேதான் நிறுத்தி யோசிக்கச் சொல்ல வேண்டும். சைக்கிள் என்றால் 1930களில் ஒரு தோட்டத் தொழிலாளி சொந்தமாக வைத்துக்கொள்ளக்கூடிய ஒரே வாகனம். அது இருந்தால் கிள்ளானுக்குப் போகலாம், பத்திரிகை வாங்கலாம், கோயிலுக்குப் போகலாம், பக்கத்துத் தோட்டத்தில் என்ன கூலி கொடுக்கிறார்கள் என்று விசாரிக்கலாம். தோட்டத்து வாசலில் நாலு பேர் காவல் நின்று வெளியாட்களைத் தடுத்தாலும், சைக்கிள் உள்ளவனை முழுசாக அடைத்து வைக்க முடியாது. ஆகவே "இறங்கு" என்பது வெறும் மரியாதைப் பேச்சு இல்லை. நீ போவது என் அனுமதியில்தான் என்பதைத் தினமும் ஒருமுறை ஞாபகப்படுத்துவது. "உறவினர் வந்துபோகும் உரிமை" என்ற கோரிக்கையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே விஷயம்: தோட்டத்துப் பாதையும் பெரிய ரோடும் யாருக்குச் சொந்தம்?

கிராணியும் இதில் உண்டு என்பதை மறைக்க வேண்டாம். இறங்கச் சொன்னவர்களில் வெள்ளைக்காரர் மட்டுமில்லை, ஆசியச் சிப்பந்திகளும் இருந்தார்கள். தமிழ் பேசியவர்களும் இருந்தார்கள். இது நமக்குக் கொஞ்சம் சங்கடமான பாடம்தான். பிரிக்ஃபீல்ட்ஸ் குவாட்டர்ஸில் இருந்த தமிழருக்கும் கிள்ளான் லயத்தில் இருந்த தமிழருக்கும் நடுவே இருந்த தூரம் வெறும் 20 கட்டை இல்லை.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுதலை செய்யக் கோரித் தொழிலாளர்கள் திரண்டார்கள், நிறுத்தம் இன்னும் பரவியது. மே நடுவில் அவசர நிலை அறிவித்து இராணுவத்தை இறக்கினார்கள். வந்த சிப்பாய்களில் இந்தியர்களும் இருந்தார்கள். ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பிடிக்கப்பட்டார்கள், நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சில மாதங்களில் ஜப்பானியர் வந்துவிட்டார்கள். இந்தத் தோட்டங்களிலிருந்து பலர் சயாம் மரண ரயில்பாதைக்குப் போனதும் திரும்பாததும் தனியாக எழுத வேண்டிய கதை.

(தேர்வுக்கு ஒரு குறிப்பு: 1941 அவசர நிலையையும் 1948இல் தொடங்கி 1960 வரை நடந்த அவசர காலத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டாவது கம்யூனிஸ்டுகளுக்கு எதிரானது. முதலாவது ஒரு வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் போராட்டத்துக்கு எதிரானது.)

போருக்குப் பிறகு சாலைக்குக் காலம் வந்தது. 1950களின் தொடக்கத்தில் எஃபிங்காம் என்ற ரப்பர் தோட்டம் இருந்த 1,200 ஏக்கரில் பெட்டாலிங் ஜெயா உருவாயிற்று. கோலாலம்பூரின் நெரிசலைக் குறைக்க எழுப்பிய துணை நகரம். அதற்குப் போகப் புதிய நெடுஞ்சாலை தேவைப்பட்டது. 1950களின் பின்பாதியில் தொடங்கிக் கட்டம் கட்டமாக வளர்ந்ததுதான் கூட்டரசு நெடுஞ்சாலை. அதன் எண் 2. புதியது வந்ததும் ஏற்கெனவே இருந்தது "பழைய கிள்ளான் சாலை" ஆகிவிட்டது, பிரிக்ஃபீல்ட்ஸுக்குத் தெற்கே தொடங்கும் ஜாலான் கிள்ளான் லாமா.

புதிய சாலையின் ஓரத்தில் அடுத்தடுத்து எல்லாம் வந்தன. பந்தாய் பள்ளத்தாக்கில் மலாயாப் பல்கலைக்கழகம், 1965இல் சுபாங் விமான நிலையம், 1970களில் சுங்கை வே தொழிற்பேட்டை. சுங்கை ரெங்கம் தோட்டப் பகுதியில் ஷா ஆலம் எழுந்தது. 1974 பிப்ரவரி 1 அன்று கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகச் சிலாங்கூரை விட்டுப் பிரிந்தது, 1978இல் ஷா ஆலம் மாநிலத் தலைநகரமாயிற்று. நெடுஞ்சாலை மேல் நிற்கும் கோத்தா டாருல் ஏசான் வளைவு அந்தப் பிரிவின் நினைவுச்சின்னம். தினமும் அதன் கீழே நெரிசலில் நிற்கும் ஆயிரக்கணக்கானோரில் எத்தனை பேர் அண்ணாந்து பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை. பத்து தீகாவிலும் சுங்கை ராசாவிலும் இருந்த டோல் சாவடிகள் 2018 ஜனவரி 1 அன்று ஓய்ந்தன.

சைக்கிள் என்ன ஆனது? 1961இல் திறந்த கிள்ளான் கோத்தா பாலத்துக்கு இரண்டு தளம். மேல்தளம் மோட்டார் வண்டிக்கு, கீழ்த்தளம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும். 1970களில் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்று தனிப் பாதை போட்டார்கள், உலக வங்கித் திட்டத்தின் கீழ். நாட்டிலேயே முதல் தனிப் பாதை அதுதான். பெரிய சந்திப்புகளில் சின்னச் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வரும் அந்தப் பாதையில் காலை ஆறரைக்குப் போய்ப் பாருங்கள். தொழிற்சாலைக்குப் போகும் கூட்டம். 1941இல் சைக்கிளில் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள்.

அவர்கள் ஏன் தோட்டத்தில் இல்லை? சுதந்திரம் கிடைத்த காலத்திலேயே வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று பாடத்தில் வருவது இது. அதற்குப் பதிலாகத்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளி கட்டினால் போதும், 100 வெள்ளிப் பங்கு சேரும் என்று தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்னார். பிரிக்ஃபீல்ட்ஸ் ரோடு இன்று அவர் பெயரில் இருக்கிறது. ஆனால் கிள்ளான் சாலையோரத்து நிலம் வேறு மாதிரி. அது ரப்பருக்காக விலை போகவில்லை, வீட்டுக்கும் தொழிற்சாலைக்குமாக விலை போனது. பத்து வெள்ளிச் சேமிப்பால் அந்த விலையைத் தொட முடியாது. கூட்டுறவுச் சங்கத்தின் முதல் தோட்டமே கெடாவில்தான் வாங்கப்பட்டது.

தோட்டத்தில் வேலை போனால் வீடும் போய்விடும், ஏனென்றால் வீடு கம்பெனியுடையது. வெளியே வந்தவர்கள் ஆற்றோரத்திலும் ரயில்பாதை ஓரத்திலும் பழைய கிள்ளான் சாலைக்குப் பின்புறத்திலும் புறம்போக்குக் குடியிருப்புகளில் ஒதுங்கினார்கள். அவற்றில் பல பிறகு அடுக்குமாடி வீடுகளாக மாறின. நெரிசலும் வறுமையும் கூடவே வந்தன. 2001 மார்ச்சில் பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய கம்போங் மேடான் பகுதியில் நடந்த வன்முறையில் ஆறு பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இந்தியர். அதை இனச் சண்டை என்று ஒரு சொல்லில் எழுதி முடிப்பவர்கள், அந்த இடத்துக்கு அந்த மக்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதையும் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

தோட்டங்கள் போய்விட்டன. பெயர் மட்டும் போகவில்லை, அதுவும் நம்ம பள்ளிக்கூடங்களால். கெலானா ஜெயாவில் சீபோர்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளி, பத்து தீகாவில் ஏபோர், ஷா ஆலம் பிரிவு 7இல் மிட்லண்ட்ஸ், கிள்ளானில் ஹைலண்ட்ஸ், புக்கிட் ராஜா. வாசலில் "லாடாங்" என்று எழுதியிருக்கும், உள்ளே படிக்கும் பிள்ளை ரப்பர் மரத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கும். இந்தப் பெயர்களை மாற்றிவிடலாம் என்று அவ்வப்போது யாராவது சொல்கிறார்கள். மாற்றக் கூடாது. கட்டைக் கல் எல்லாம் பிடுங்கிப் போட்ட பிறகு இந்தச் சாலைக்கு மிச்சமிருக்கும் அடையாளக் கற்கள் இவைதான்.

படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு வட்டார வரலாற்றுப் பயிற்சி கொடுப்பவர்கள் இப்படிச் செய்து பார்க்கலாம். கோலாலம்பூர்–கிள்ளான் வரைபடம் ஒன்றை எடுத்து, முதலில் ஆறு, பிறகு 1886 ரயில்பாதை, பிறகு பழைய சாலை, கடைசியில் நெடுஞ்சாலை என்று நான்கு நிறத்தில் வரையச் சொல்லுங்கள். மேலே சொன்ன பள்ளிகளைப் புள்ளி வைத்துக் குறிக்கட்டும். அதற்கப்புறம் வீட்டுப் பெரியவரிடம் இரண்டே கேள்வி: நீங்க இருந்தது எத்தனையாவது கட்டை, அங்கேருந்து கிள்ளானுக்கு எதில் போவீங்க? பதிலை அவர்கள் சொன்ன பேச்சிலேயே எழுதி வரட்டும், திருத்த வேண்டாம்.